இடப்பக்கம்

அர்விட் லாக்சோ செத்து, சாமான்களை ஏலம் விட்டபோது
நாற்பது டாலருக்கு எடுத்தேன் இந்தத் தோட்ட டிராக்டரை.
அறுபத்தேழாம் வருஷத்து வண்டி.
மஞ்சள் என்று சொல்லலாம், வெயில் இருந்தால்.
இஞ்சின் முதல் இழுப்பிலேயே இருமிக்கொண்டு எழுந்தது.
இடப்பக்கப் பின்சக்கரம் மட்டும்
உள்பக்கமாய்க் கசிந்துகொண்டிருந்தது:
அச்சு சீல் போய், கியர் எண்ணெய் வழிந்து,
டயரின் விலாவில் ஒரு கறுப்புத் தாடி.

புது சீல் பதினோரு டாலர். தபாலில் வந்தது.
இந்தச் சாலைக்குத் தபால்காரி நான்தான்.
எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன்.
அதைப் போட ஹப் கழல வேண்டும்.
ஹப் கழலாது.

நவம்பர். சுபீரியர் ஏரிக்கு மேல்
மேகம் கனத்துக்கொண்டிருந்தது.
மூன்று நாள் துரு எண்ணெய் விட்டேன்.
சுத்தியல். பிறகு பெரிய சுத்தியல்.
பிறகு வாய்.
ஃபின்னிஷ் மொழியில் எனக்குத் தெரிந்தது வசவு மட்டும்தான்,
அம்மா வழிச் சீதனம்.
கல்லுளிமங்கனாய் இருந்தது ஹப்.

மூன்று கால் புல்லர் இந்தப் பக்கத்தில்
ஒருவனிடம்தான் இருக்கிறது.
ரெய்னோ. ஒன்பது வருஷம் என் கணவனாய் இருந்தவன்.
போன் செய்தேன். "எந்த டிராக்டர்?" என்றான்.
எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை.
அது சௌகரியமாக இருந்தது.

வந்தான். கேஸ் சுடரை ஹப்பைச் சுற்றிக் காட்டினான்,
அச்சில் படாமல், ஹப்பில் மட்டும்.
துரு எண்ணெய் புகைந்தது. நாய் எழுந்து வெளியே போய்விட்டது.
புல்லரின் நடு போல்ட்டை, ஸ்பானருக்குக் குழாய் மாட்டி
அவன் ஒரு கால்சுற்று, நான் ஒரு கால்சுற்று.
"இனி முறுக்கினால் விளிம்பு உடையும்.
இழுத்த இழுப்பிலேயே இருக்கட்டும்.
நீ போய்த் தூங்கு. அது யோசிக்கும்."

அதற்குள் வெளியே முழங்காலளவு பனி.
அவன் கார் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.
சோபாவைக் காட்டினேன்.
போர்வை, அவன் எடுத்துப் போகாமல் விட்டதுதான்.

மூன்று பத்துக்கு வெடித்தது.
துப்பாக்கி என்று நினைத்தேன் நான்.
கூரை இறங்கிவிட்டது என்று நினைத்தானாம் அவன்.
வெறுங்காலோடு ஓடிப்போய் கராஜ் விளக்கைப் போட்டால்
அரை அங்குலம் நகர்ந்திருந்தது ஹப்,
ஒன்றும் நடக்காத மாதிரி.

கழற்றிப் பார்த்தோம். சாவி ஆடாமலிருக்க
பீர் டின்னை நறுக்கி ஒரு தகடு செருகியிருந்தான் லாக்சோ.
பெயரில் பாதி எழுத்து இன்னும் நீலமாய்.
"கிழட்டுத் திருடன்" என்றான் ரெய்னோ, மரியாதையோடு.

அப்புறம் யாரும் தூங்கப் போகவில்லை.
பழைய சீலைக் கொக்கி போட்டு நெம்பினேன்.
பிஸ்கட் மாதிரி நொறுங்கி வந்தது.
அச்சைத் துடைத்து நகத்தை ஓட்டினால்
தலைமுடி அகலத்துக்கு ஒரு பள்ளம், சுற்றிலும்.
இரும்பு அறுத்ததில்லை. ரப்பர் உதடு,
ஐம்பது வருஷம் ஒரே இடத்தைத் தொட்டுத் தொட்டு.
எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள்.
எறும்பு தேய்ந்ததை யாரும் சொல்வதில்லை.

புது சீலைப் பழைய தடத்தில் உட்காரவைக்கக் கூடாது.
அச்சின் காடி கிழிக்காதபடி டேப் சுற்றி,
உதட்டில் கிரீஸ் தடவி,
பிளாஸ்டிக் குழாய்த் துண்டை வைத்துத் தட்டி,
ஒரு தீக்குச்சி அகலம் முன்னாலேயே நிறுத்தினேன்,
தேயாத இரும்பில் உதடு படும்படி.
ரெய்னோ விளக்குப் பிடித்தான். ஒன்றும் சொல்லவில்லை.
முன்பெல்லாம் சொல்வான்.

பீர் தகட்டைத் திரும்பவும் செருகினேன்.
அச்சு முழுக்கச் செம்புக் கிரீஸ்,
அடுத்து கழற்றுகிறவர் என்னை வையாமலிருக்க.

விடிந்ததும் அந்த டிராக்டரே
அவன் காருக்கு வழி வெட்டிக் கொடுத்தது.

அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து அடியில் விரித்திருக்கிறேன்.
தினம் காலை, சீருடை போடுவதற்கு முன் குனிந்து பார்க்கிறேன்.
இடப்பக்கம் காய்ந்து கிடக்கிறது.
நேற்று வலப்பக்கத்தில் ஒரு பொட்டு,
கால் டாலர் காசளவு.

புல்லர் இன்னும் என் சுவரில்தான் தொங்குகிறது.
அவன் கேட்கவில்லை.
வலப்பக்கத்துக்குத் துரு எண்ணெய் விட ஆரம்பித்துவிட்டேன்.